பால் மெக்கார்ட்னி எப்போதாவது பாடும் பாட்டுக்கு ரசிகர்கள் ஏன் இப்படித் துள்ளுகிறார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பால் மெக்கார்ட்னி கச்சேரி வீடியோக்களில் 'ஹே ஜூட்' வந்ததும் கூட்டமே சேர்ந்து பாடுகிறது, அது புரிகிறது. ஆனால் பெயரே கேள்விப்படாத ஏதோ ஒரு பாட்டைத் தொடங்கியதும் முன்வரிசையில் சிலர் மட்டும் தலைகால் புரியாமல் கத்துகிறார்கள். அந்தப் பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?"

பல சமயம் பாட்டில் பெரிதாக ஒன்றும் இருக்காது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுவில் தொடங்கி, அறுபது வருடத்துக்கும் மேலாக நூற்றுக்கணக்கில் பாட்டு எழுதிக் குவித்த மனுஷன், அந்தக் குவியலுக்குள் கையை விட்டு யாருமே கேட்காத ஒன்றை எடுத்து, "இது எனக்குப் பிடிக்கும்" என்று ஐம்பதாயிரம் பேர் முன்னால் வைக்கிறார். கத்துகிறவர்கள் அந்தத் தேர்வுக்குத்தான் கத்துகிறார்கள். பத்து வருடமாகத் தனியாக ரசித்துக்கொண்டிருந்த பாட்டை அதை எழுதியவரும் மறக்கவில்லை என்று தெரியும்போது வரும் சந்தோஷம் அது.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அவருடைய கச்சேரிக் கணக்கைப் பார்க்க வேண்டும். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல், முப்பத்தைந்து பாட்டு சுமாருக்கு, இடைவேளை கிடையாது. (மேடையில் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்பது ரசிகர்களிடையே பிரசித்தம்.) முப்பத்தைந்து பாட்டு என்றால் தாராளம் என்று தோன்றும். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறை அவரைப் பார்க்க வருகிறவர்கள். 'ஹே ஜூட்', 'லெட் இட் பி', 'பிளாக்பேர்ட்', 'பேண்ட் ஆன் த ரன்', 'லிவ் அண்ட் லெட் டை' இதெல்லாம் இல்லாமல் அவர்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. இப்படியே இருபது, இருபத்தைந்து இடம் முன்பதிவாகிவிடுகிறது. மிச்சமிருக்கும் கொஞ்ச இடத்தில் புது ஆல்பத்துக்குச் சில போய்விட்டால், பழைய அபூர்வத்துக்கு ஒன்றோ இரண்டோ கிடைத்தால் பெரிது. பீட்டில்ஸ் பாட்டைத் தொடங்கினால் செல்போன் வெளிச்சம் நட்சத்திர மண்டலம் மாதிரி மின்னுகிறது, புதுப் பாட்டைத் தொடங்கினால் கருந்துளை மாதிரி இருட்டிவிடுகிறது என்று அவரே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். இருட்டும் என்று தெரிந்தும் பாடுவதற்கு ஒரு பிடிவாதம் வேண்டும்.

இன்னொன்று, ஒரு சுற்றுப்பயணத்துக்கு ஒரு பட்டியல் என்று வகுத்துவிட்டால் ஊருக்கு ஊர் பெரிதாக மாற்ற மாட்டார். அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன், கூட்டத்தில் பாட்டுப் பெயர் எழுதித் தூக்கிப் பிடிக்கும் அட்டைகளை வாங்கிப் பார்த்து, ஒத்திகை பார்க்காத பாட்டைக்கூட அங்கேயே எடுத்துவிடுவார். மெக்கார்ட்னி அந்த ரகம் இல்லை. அட்டைகளைப் படிக்கப் போனால் கிடாரில் விரல் வைக்க வேண்டிய இடத்தை மறந்துவிடுகிறேன் என்று மேடையிலேயே கிண்டலடிப்பார். நம் சபாவில் துக்கடா நேரத்தில் சீட்டு எழுதி அனுப்புவதுபோல இங்கே அனுப்ப முடியாது. அனுப்பினாலும் பலன் இல்லை. அதனால் பட்டியலில் ஒரே ஒரு பாட்டு மாறினாலும், விஷயம் தெரிந்தவர்களுக்கு அது அன்றைய செய்தி.

இதற்குக் கொஞ்சம் பழைய கதையும் வேண்டும். 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் ஸ்டேடியத்தில் பாடியதோடு பீட்டில்ஸ் சுற்றுப்பயணத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த 'சார்ஜென்ட் பெப்பர்', 'வெள்ளை ஆல்பம்', 'அபே ரோடு' எல்லாம் ஸ்டூடியோவிலேயே பிறந்து ஸ்டூடியோவிலேயே முடிந்தவை. 1969 ஜனவரியில் லண்டனில் கட்டட மொட்டைமாடியில் ஏறிச் சில பாட்டு வாசித்ததுதான் விதிவிலக்கு. ஆக, உலகத்தில் மிக அதிகம் பேர் மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டுகளில் கணிசமானவை பீட்டில்ஸ் இருந்தவரை ஒருமுறைகூட மேடை ஏறாதவை!

குழு உடைந்த பிறகு அவர் நிலைமை இன்னும் சிக்கல். 1972-ல், தான் புதிதாகத் தொடங்கிய விங்ஸ் குழுவோடு வேனில் ஏறி, முன்னறிவிப்பில்லாமல் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்குப் போய், 50 பென்ஸ் கட்டணத்துக்குப் பாடினார். பீட்டில்ஸ் பாட்டு ஒன்றுகூட இல்லை. காயம் ஆறவில்லை என்பது ஒரு காரணம், பழைய பெருமையை விற்றுப் பிழைக்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பு இன்னொன்று. 1976 சுற்றுப்பயணத்தில் ஐந்து பீட்டில்ஸ் பாட்டுக்கு மனசு இறங்கினார். 1989-90 உலகச் சுற்றுப்பயணத்தில்தான் கதவு முழுசாகத் திறந்தது. அங்கிருந்து இன்றுவரை, முதன்முறையாக மேடை ஏறும் பாட்டுகள் அவ்வப்போது வந்துகொண்டே இருக்கின்றன. 'ஓப்-லா-டி, ஓப்-லா-டா'வையே எடுத்துக்கொள்ளுங்கள். 1968-ல் ரிஷிகேஷ் ஆசிரமத்தில் இருந்தபோது ஊருக்குள் சினிமா பார்க்கப் போகிற வழியெல்லாம் கிடாரில் தட்டிப் பாடிக்கொண்டு போன பாட்டு. முறையான கச்சேரி மேடையில் அதை அவர் முதலில் பாடியது 2009 டிசம்பரில், ஜெர்மனியின் ஹம்பர்கில். நாற்பத்தொரு வருடம் கழித்து!

ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, அடுத்தடுத்த ஊர்களில் வழக்கமாகவும் ஆகிவிட்டது. நீங்கள் கேட்கும் கத்தலுக்கு நல்ல உதாரணம் 'டெம்பரரி செக்ரட்டரி'.

1979 கோடையில் மெக்கார்ட்னி ஒரு பதினாறு டிராக் ரெக்கார்டரை வாடகைக்கு எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டார். மிக்ஸர் பலகைகூட இல்லை. மைக்கை நேராக மெஷினின் பின்பக்கத்தில் செருகிப் பதிவு செய்தார். டிரம்ஸ், கிடார், சிந்தசைசர் எல்லாம் அவரே. விளையாட்டாகச் செய்தது 1980 மே மாதம் 'மெக்கார்ட்னி 2' என்று ஆல்பமாக வந்தது. அதில்தான் இந்தப் பாட்டு. சீக்வென்சரில் (ஸ்வரங்களைத் தானாகத் திரும்பத் திரும்ப வாசிக்கும் கருவி) இருந்து குமிழி குமிழியாக வேகமாகப் பொங்கும் ஒரு ஒலி; மூக்கால் பாடும் ஒரு குரல், ஒரு ஏஜென்சிக்காரரிடம் தற்காலிகக் காரியதரிசி ஒருத்தியை அனுப்பச் சொல்லிக் கெஞ்சுகிறது; அடியில் சம்பந்தமே இல்லாமல் ஒரு சாதா கிடார் தாளம் தட்டுகிறது. விங்ஸ் ரசிகர்களுக்கு இது என்ன கிறுக்குத்தனம் என்று தோன்றியிருந்தால் அவர்கள்மேல் தப்பே இல்லை. ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் போனது, விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள். இந்தப் பாட்டை 12 அங்குல இசைத்தட்டாகப் பிரிட்டனில் 25,000 பிரதி மட்டும் வெளியிட்டார்கள்.

அப்புறம் காலம் மாறியது. எலக்ட்ரானிக் இசையில் வளர்ந்த தலைமுறை வந்தது. வீட்டு அறையில் ஒற்றை ஆள் உட்கார்ந்து மெஷினோடு பாட்டு செய்வது சர்வ சாதாரணமானது. அந்தக் காதுகளுக்கு இது கிறுக்குத்தனமாகப் படவில்லை, காலத்துக்கு முந்தி வந்த சரக்காகப் பட்டது. 2015 மே 23, லண்டன் ஓ2 அரங்கம். முப்பத்தைந்து வருடத்தில் முதன்முறையாக அந்தக் குமிழி ஒலி ஸ்பீக்கரில் பொங்கியபோது, அரங்கத்தில் பாதிப் பேர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள், தெரிந்தவர்கள் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். அந்த வாத்தியப் பொங்கலைத் தூக்கிப் பிடித்தவர் கீபோர்டில் இருக்கும் 'விக்ஸ்' விக்கன்ஸ், 1989-லிருந்து கூடவே இருப்பவர். எழுபத்திரண்டு வயது மனுஷர் கிடாரை மாட்டிக்கொண்டு முகத்தில் ஒரு குறும்போடு அதைப் பாடுகிறார். என்னைக் கேட்டால் அது மகத்தான பாட்டு ஒன்றும் இல்லை. மூன்று நிமிடத்துக்குப் பிறகு கொஞ்சம் நச்சரிக்கவும் செய்யும். ஆனால் தான் ஏளனப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போய், எந்த விளக்கமும் சொல்லாமல் பாடிவிட்டு வந்த தெம்புக்கு ஒரு கைதட்டல் தாராளமாகக் கொடுக்கலாம்.

சில பாட்டு அபூர்வமாக இருப்பதற்குக் காரணம் வேறு, வாசித்துக்கொண்டே பாடுவது கஷ்டம். 'பீயிங் ஃபார் த பெனிஃபிட் ஆஃப் மிஸ்டர் கைட்' அப்படி. இது அடிப்படையில், பீட்டில்ஸில் கூட இருந்த ஜான் லெனன் பாட்டு. 1967-ல் ஒரு பழம்பொருள் கடையில் அவர் வாங்கிய 1843-ஆம் வருடத்து சர்க்கஸ் போஸ்டரிலிருந்து வரிகள் பெரும்பாலும் அப்படியே எடுக்கப்பட்டவை. சர்க்கஸ் கூடாரத்து மணம் வேண்டும் என்று லெனன் கேட்க, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பழைய நீராவி ஆர்கன் ஒலிநாடாக்களைத் துண்டு துண்டாக வெட்ட வைத்து, கலைத்துப் போட்டு, கண்டபடி ஒட்ட வைத்தார். பாட்டின் நடுவே தலை சுற்றுகிற மாதிரி ஒரு ஒலி வருமே, அதுதான். இதை மேடையில் எப்படிச் செய்வது என்பது ஒரு பிரச்சினை என்றால், தாழ்ந்த சுருதியில் வாசிக்கும் பேஸ் கிடார் அதைவிடப் பெரிய பிரச்சினை. பதிவில் லெனன் பாடினார், மெக்கார்ட்னி பேஸ் வாசித்தார். அதாவது வாசித்தவருக்குப் பாடும் கவலை இல்லை. அதனால் பேஸ் தன் போக்கில் ஏறி இறங்கி நடக்கிறது. மெட்டு இன்னொரு பக்கம் போகிறது. ஹெட்ஃபோன் மாட்டி பேஸை மட்டும் விரலால் தொடையில் தட்டிக்கொண்டு வாயால் மெட்டைப் பாடிப் பாருங்கள், இரண்டாவது வரியிலேயே விரல் வாய் பின்னால் ஓடிவிடும். இதற்காகத் தனியாகச் சாதகம் செய்ய வேண்டியிருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 2013 மே 4-ல் பிரேசிலின் பெலோ ஹொரிசான்டே நகரில் முதன்முறையாகப் பாடினார். லெனன் பாட்டை இவர் ஏன் எடுக்க வேண்டும் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. எழுதும்போது நானும் உட்கார்ந்து எழுதினேன் என்பது மெக்கார்ட்னி கட்சி. அந்த வழக்கு தீராது. பேஸ் வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பாட்டு முழுக்க அவர் முகத்தைப் பார்க்காமல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை.

அப்புறம் ஊருக்கென்றே வைத்திருக்கும் பாட்டுகள். 'மல் ஆஃப் கின்டையர்' 1977-ல் பிரிட்டனில் இருபது லட்சம் பிரதி தாண்டிய முதல் சிங்கிள் (தனிப்பாட்டு இசைத்தட்டு), ஒன்பது வாரம் முதலிடம். அமெரிக்காவிலோ எடுபடவே இல்லை. ஸ்காட்லாந்து மேற்குக் கரையில் அவர் பண்ணை இருக்கும் பகுதியைப் பற்றிய பாட்டு; பதிவில் உள்ளூர் கேம்பல்டவுன் பேக்பைப் குழு வாசித்தது. பேக்பைப்பை நம் இஷ்டத்துக்குச் சுருதி மாற்ற முடியாது. அதனால் பாட்டுதான் வளைந்து கொடுத்தது. 'ஏ' சுருதியில் தொடங்கி, பைப் நுழையும் இடத்தில் 'டி' சுருதிக்குத் தாவுகிறது. அந்தத் தாவலில்தான் கேட்பவனுக்கு மயிர்க்கூச்செறிகிறது. மேடையில் இதைப் பாட ஒரு முழு பைப் குழு வேண்டும். எனவே கிளாஸ்கோ, கனடா, ஆஸ்திரேலியா போல ஸ்காட்லாந்து வேர் உள்ள இடங்களில் உள்ளூர்க் குழு ஒன்றைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பாடுகிறார். குட்டைப் பாவாடையும் தோளில் பைப்புமாக அவர்கள் அணிவகுத்து மேடைக்கு வரும்போது எழும் சத்தம் வேறு ரகம்.

2008 ஜூன் 14, உக்ரைன் தலைநகர் கீவ். சுதந்திரச் சதுக்கத்தில் இலவசக் கச்சேரி. அங்குள்ள ரசிகர்கள் வாக்குப் போட்டுக் கேட்டது 'மிஸஸ் வாண்டபில்ட்'. 1973-ல் நைஜீரியாவின் லாகோஸில் பதிவான 'பேண்ட் ஆன் த ரன்' ஆல்பத்தில் இருப்பது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது சிங்கிளாகக்கூட வரவில்லை. சோவியத் நாடுகளிலோ ஆளாளுக்கு அந்த 'ஹோ, ஹே ஹோ' பல்லவியைத் தெரியும். முப்பத்தைந்து வருடமாக மேடையில் பாடாததை அவர்களுக்காகக் கற்றுக்கொண்டு போய்ப் பாடினார், சதுக்கமே கூடப் பாடியது. அவருக்கே அது பிடித்துப்போய், அடுத்த வருடம் நியூயார்க்கிலும் பாடினார். ரசிகர்கள் கேட்டு ஒரு பாட்டு பட்டியலில் ஏறியதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

இந்த வகையில் இன்னும் இரண்டு: டோக்கியோவின் புடோகான் அரங்கத்தில் 1966-ல் பீட்டில்ஸ் பாடினார்கள். 2015 ஏப்ரலில் அதே அரங்கத்துக்குத் திரும்பியபோது 'அனதர் கேர்ள்' என்ற 1965 பாட்டை வாழ்நாளில் முதன்முறையாக மேடையில் பாடினார். 2014-ல் இடிக்கப்போகிற கேண்டில்ஸ்டிக் பார்க்குக்கு வழியனுப்புக் கச்சேரி நடந்தபோது, 1966-ல் அங்கே பீட்டில்ஸ் கடைசியாகப் பாடிய 'லாங் டால் சாலி'யைத் தேடி எடுத்துப் பாடினார்.

நிஜமாகவே அபூர்வப் பைத்தியம் பிடித்தவர்கள் கச்சேரியைவிட சவுண்ட்செக்குக்குத்தான் அலைவார்கள். மதியம் காலி அரங்கத்தில் ஒலி சரிபார்க்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் வாசிப்பார். அமெரிக்க ராக் முன்னோடி கார்ல் பெர்கின்ஸின் 'மேட்ச்பாக்ஸ்', 'ஹனி டோன்ட்', உகுலேலே என்ற குட்டிக் கிடாரை வைத்துக்கொண்டு 'ராம் ஆன்', அங்கேயே தோன்றும் அரைகுறை மெட்டு என்று அவிழ்த்துவிடுவார். இதைப் பார்க்க அனுமதியோடு சேர்த்து டிக்கெட்டை எக்கச்சக்க விலைக்கு விற்கிறார்கள். காசில்லாதவர்கள் ஸ்டேடியம் சுவருக்கு வெளியே நின்று காதைத் தீட்டிக்கொள்கிறார்கள்; சத்தம் என்னவோ ஒன்றுதான். 1993-ல் வந்த 'பால் இஸ் லைவ்' ஆல்பத்தின் கடைசியில் சில சவுண்ட்செக் துண்டுகளைச் சேர்த்திருக்கிறார், கேட்டால் அந்தச் சுதந்திரம் புரியும்.

இந்த ஆர்வத்தில் ஒரு அற்பத்தனமும் உண்டு. சிலருக்குப் பாட்டைவிட எண்ணிக்கைதான் முக்கியம், "நான் போன அன்றைக்கு அது பாடினார், நீ போன அன்றைக்கு இல்லை" என்கிற பெருமை. அபூர்வம் என்பதாலேயே ஒரு பாட்டு உயர்ந்துவிடாது. சில மேடையில் எடுபடாது என்பதால்தான் காணாமல் போகின்றன. புது ஆல்பம் வந்த வருடம் பாடிவிட்டு அடுத்த வருடம் ஓசையில்லாமல் கழற்றிவிட்ட பாட்டுகள் நிறைய, அவற்றில் பலவற்றுக்காக நான் ஏங்கவில்லை. எண்பது தாண்டிய குரல் மெலிந்திருக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. எல்லோருக்கும் தெரிந்த உச்சஸ்தாயிப் பாட்டில் அது பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. தெரியாத பாட்டில் ஒப்பிட மூலம் மனதில் ஓடாது, அதனால் இன்றைய குரலை இன்றைய குரலாகவே கேட்க முடிகிறது. எனக்கு அபூர்வப் பாட்டுகள் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்ளர்த்தம் மாறிப்போன பாட்டுகளும் உண்டு. 1971-ன் 'டூ மெனி பீப்பிள்' லெனனைக் குத்தி எழுதியது. அதற்குப் பதிலடியாக லெனன் எழுதியது இன்னும் கொடூரம். லெனன் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 2005 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் மெக்கார்ட்னி அதை எடுத்தார், 'அபே ரோடு' பாட்டு ஒன்றோடு ஒட்டி. கோபம் வற்றிப்போய் நல்ல ராக் பாட்டாக மட்டும் அது மிஞ்சியிருந்தது. இன்னொரு பக்கம் 2025 செப்டம்பர் 26, கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா. லெனன் உண்மையிலேயே உதவி கேட்டு எழுதிய 'ஹெல்ப்!' பாட்டோடு கச்சேரியைத் தொடங்கினார். 1990-ல் லெனன் நினைவாகச் சில பாட்டுகளைக் கோத்துப் பாடியபோது அதில் ஒரு துண்டைப் பாடியதைத் தவிர, 1965-க்குப் பிறகு அதை முழுதாக மேடையில் பாடியது அதுதான் முதல் தடவை. எண்பத்து மூன்று வயதில், தயாராவதற்கு ஒரு பாட்டுகூடக் கொடுக்காமல், எடுத்த எடுப்பிலேயே.

இன்னும் பாடாதவை பட்டியல் நீளம். 'அங்கிள் ஆல்பர்ட் / அட்மிரல் ஹால்ஸி' 1971-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, இன்றுவரை மேடை ஏறவில்லை. மழைச் சத்தம், தொலைபேசிக் குரல், தாவித் தாவி மாறும் தாளம் என்று பல துண்டுகளை ஒட்டிச் செய்தது. ஆனால் 'மிஸ்டர் கைட்'டைச் சமாளித்தவருக்கு இது முடியாதா என்பதுதான் ரசிகர்களின் ஆதங்கம். 'சில்லி லவ் சாங்ஸ்' கதை வேறு. 1976-ல் அமெரிக்காவில் அந்த வருடத்தின் நம்பர் ஒன் பாட்டு. விங்ஸோடு அந்தச் சுற்றுப்பயணத்தில் பாடியதோடு சரி. கடைசியில் மூன்று மெட்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது கூடப் பாடிய மனைவி லிண்டாவும் விங்ஸ் கிடார்காரர் டென்னி லெய்னும் இன்று இல்லை. அது ஒரு தடையாக இருக்கலாம், நான் ஊகிக்கத்தான் முடியும்.

கேட்க ஆரம்பிக்க நினைத்தால், 2009-ல் வந்த 'குட் ஈவ்னிங் நியூயார்க் சிட்டி' கச்சேரி ஆல்பத்தில் 'மிஸஸ் வாண்டபில்ட்' இருக்கிறது, கீவ் கூட்டம் ஏன் கேட்டது என்று பல்லவியிலேயே பிடிபடும். 'சில்லி லவ் சாங்ஸ்' மேடையில் எப்படி இருந்தது என்று தெரிய 'விங்ஸ் ஓவர் அமெரிக்கா'. நல்ல ஹெட்ஃபோனில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள், செல்போன் ஸ்பீக்கரில் அது வராது.